கேள்வி-பதில்: பழைய காரை உரிமையாளரிடமே நேரடியாக வாங்கும்போது

விற்பனை நிலையமோ தரகரோ இடையில் இல்லாமல், உரிமையாளரிடமே நேரடியாகப் பழைய கார் வாங்குவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில், பலருக்கும் பயன்படக்கூடியவற்றை இந்த முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன். இத்தகைய விற்பனையில் பெரும்பாலும் எழுத்துப்பூர்வமான உத்தரவாதம் எதுவும் இருப்பதில்லை; பணம் கைமாறிய பிறகு வெளிப்படும் பழுதுக்கு வாங்கியவரே பொறுப்பேற்க வேண்டியிருக்கும். ஆகவே பார்க்க வேண்டியதை எல்லாம் பணம் கொடுப்பதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். வண்டி ஒன்றைக் காட்டி, காகிதம் வேறொன்றைக் காட்டி, விற்பவரின் பேச்சு மூன்றாவதாக ஒன்றைச் சொல்லுமானால், அந்த முரண்பாட்டைத்தான் முதல் எச்சரிக்கையாகக் கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கீழே உள்ள பதில்கள் பலவும் அந்த முரண்பாட்டை எங்கே தேடுவது என்பதைப் பற்றியவையே.

கேள்வி: நான் முதன்முதலாகக் கார் வாங்கப் போகிறேன். 2016-ல் பதிவான ஒரு காரைப் பார்த்தேன். மீட்டரில் 28,000 கிலோமீட்டர்தான் காட்டுகிறது. வண்டியும் பளபளவென்று இருக்கிறது. இவ்வளவு குறைவாக ஓடியிருப்பதை நம்பலாமா?

பதில்: நம்பவும் இடமுண்டு, சந்தேகப்படவும் இடமுண்டு. தனியார் பயன்பாட்டில் உள்ள கார் ஆண்டுக்கு ஏறத்தாழ 10,000 முதல் 15,000 கிலோமீட்டர் ஓடும் என்று பொதுவாகக் கணக்கிடுவார்கள். வயதானவர்கள் வைத்திருந்து, கடைக்கும் மருத்துவமனைக்கும் மட்டும் எடுத்த வண்டிகள் இதைவிட மிகக் குறைவாக ஓடியிருப்பதும் உண்மையே. ஆனால், இலக்க மீட்டர் வந்த பிறகு எண்ணைக் குறைப்பது கடினமான வேலையாக இல்லை. அதற்கென்றே கருவிகள் இருக்கின்றன. எனவே மீட்டரை விற்பவரின் கூற்றாக மட்டும் எடுத்துக்கொண்டு, அதற்கு வண்டி சாட்சி சொல்கிறதா என்று பாருங்கள்.

முதலில் டயரைப் பாருங்கள். டயரின் பக்கச்சுவரில் ஒரு நீண்ட குறியீட்டின் முடிவில் நான்கு இலக்கங்கள் அச்சாகியிருக்கும். முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். 2518 என்றிருந்தால் 2018-ஆம் ஆண்டின் 25-ஆம் வாரத்தில் தயாரான டயர் என்று பொருள். நீங்கள் பார்த்த காரில் நான்கு டயர்களும் 2018-ல் தயாரானவை என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் வண்டியோடு வந்த டயர்கள் இரண்டே ஆண்டுகளில் ஏன் மாற்றப்பட்டன? ஒரு டயர் வெடித்திருக்கலாம். நான்கும் ஒரே சமயத்தில் போயிருந்தால் அந்த இரண்டு ஆண்டுகளில் வண்டி நிறைய ஓடியிருக்க வேண்டும். அந்தக் கணக்கு 28,000-க்குள் அடங்காது. மாறாக, 2015-லோ 2016-லோ தயாரான டயர்களே இன்னும் இருந்து, டயரிலுள்ள பள்ளங்களின் ஆழம் குறையாமல் ரப்பர் மட்டும் வெடிப்பு விட்டிருந்தால், மீட்டர் சொல்வதற்கு அது வலுவான ஆதரவு. அந்த டயர்களை வயது காரணமாக உடனே மாற்றியாக வேண்டும் என்பதையும் விலை பேசும்போது மறக்க வேண்டாம்.

அடுத்து, கையும் காலும் படும் இடங்களைப் பாருங்கள். பிரேக் பெடலின் ரப்பர் ஒரு ஓரமாக மழுங்கியிருக்கிறதா, ஸ்டீயரிங் தோல் வழுவழுப்பாகி மினுமினுக்கிறதா, கியர் குமிழின் எண்கள் அழிந்திருக்கின்றனவா, ஓட்டுநர் இருக்கையில் கதவுப் பக்கத்து விளிம்பு அமுங்கித் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். 28,000 கிலோமீட்டரில் இவை நேர்வது அரிது. பழைய காரில் பெடல் ரப்பர் மட்டும் புத்தம் புதிதாக இருப்பதும் சந்தேகத்துக்குரியதே.

மூன்றாவதாக, சர்வீஸ் ரசீதுகள். ஒவ்வொரு ரசீதிலும் தேதியும் அன்றைய மீட்டர் அளவும் இருக்கும். அவற்றைத் தேதி வரிசையில் வைத்துப் பாருங்கள். எண் ஏறிக்கொண்டே வர வேண்டும். நடுவில் மூன்று ஆண்டுகளுக்கு ஒன்றுமே இல்லை என்றால் அந்த இடைவெளிக்கு விற்பவர் என்ன காரணம் சொல்கிறார் என்று கேளுங்கள். பானெட்டின் உட்புறத்திலோ ஓட்டுநர் கதவுச் சட்டத்திலோ ஆயில் மாற்றியபோது ஒட்டிய சிறு அட்டை சில வண்டிகளில் விட்டுப்போயிருக்கும். மீட்டரைக் குறைத்தவர் அதைக் கிழிக்க மறந்திருக்கக்கூடும். பல கார்களில் ஓடிய தூரம் மீட்டரில் மட்டுமல்லாமல் வேறு மின்னணுக் கட்டுப்பாட்டுப் பகுதிகளிலும் பதிவாகிறது; நல்ல பணிமனையில், வண்டியின் கணினிப் பதிவுகளைப் படிக்கும் கருவியான ஸ்கேனரைப் பொருத்தி இரண்டையும் ஒப்பிட்டுச் சொல்லச் சொல்லலாம்.

மீட்டர் உண்மையே என்று தெளிந்த பிறகும் ஒன்றைச் சொல்ல வேண்டும். குறைவாக ஓடியது என்பதாலேயே ஒரு வண்டி நல்ல வண்டி ஆகிவிடாது. மாதக்கணக்கில் நின்ற காரில் பேட்டரி, ரப்பர் குழாய்கள், பிரேக் டிஸ்க் ஆகியவை நிற்பதனாலேயே கெடும். முறையாகப் பராமரித்து, ரசீதுகளோடு 90,000 ஓடிய காரை, ஒரு ரசீதும் இல்லாத 28,000 காரைவிட நான் மேலாக மதிப்பேன்.

கேள்வி: "சின்னக் கீறல் விழுந்தது, அதனால் ஒரு பக்கம் பெயின்ட் அடித்தேன்" என்கிறார் விற்பவர். பெரிய விபத்தில் சிக்கிய வண்டியா என்று எனக்கு எப்படித் தெரியும்?

பதில்: மறுபடி பெயின்ட் அடித்திருப்பது தன்னளவில் குற்றமில்லை. பம்பரில் உரசாத கார் அபூர்வம். கதவின் மேல்தகடு மாறியிருந்தாலும் பெரிய கவலை இல்லை. கவலைப்பட வேண்டியது வண்டியின் எலும்புக்கூட்டைப் பற்றித்தான்: பானெட்டுக்கு அடியில் இருபுறமும் முன்னோக்கி நீளும் சட்டங்கள், கதவுகளுக்கு இடையிலுள்ள தூண்கள், டிக்கியின் தளம். இவை ஒருமுறை நசுங்கி நிமிர்த்தப்பட்டிருந்தால், அடுத்த மோதலில் உள்ளிருப்பவர்களை வடிவமைத்தவர் எண்ணியபடி அவை காக்கும் என்று சொல்ல முடியாது.

வண்டியைப் பகல் வெளிச்சத்தில், உலர்ந்த நிலையில் பாருங்கள். ஈரம் படிந்த வண்டியில் கீறலும் தெரியாது, நிற வேறுபாடும் தெரியாது. அப்போதுதான் கழுவி நிறுத்தியிருந்தால் காயும்வரை காத்திருங்கள். முன் விளக்கின் அருகே குனிந்து, பக்கவாட்டுத் தகட்டின் வழியே பின்பக்கம் நோக்கிக் கண்ணை ஓட்டுங்கள். எதிரே உள்ள சுவரின் கோடு தகட்டில் நேராகப் பிரதிபலிக்க வேண்டும். ஓரிடத்தில் அது அலைபோல் நெளிந்தால் அங்கே பட்டி போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். பிறகு கதவுக்கும் மட்கார்டுக்கும், பானெட்டுக்கும் விளக்குக்கும் இடையிலுள்ள இடைவெளிகளை இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் விரல் நுனி நுழைகிறது, மறுபக்கம் நுழையவில்லை என்றால் காரணம் கேட்க வேண்டும்.

பானெட்டைத் திறந்து மட்கார்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைக் கவனியுங்கள். தொழிற்சாலையில் வண்டியின் உடற்கூட்டைப் பொருத்திய பிறகே வண்ணம் பூசுவதால், பெரும்பாலான கார்களில் போல்ட் தலையும் வண்டியின் நிறத்திலேயே, பெயின்ட் உடையாமல் இருக்கும். ஸ்பானர் பட்ட தலையில் விளிம்பு உரிந்து உலோகம் தெரியும். கதவுக் கீல்களிலும் இதையே பாருங்கள். கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங்கைச் சிறிது விலக்கினால், தொழிற்சாலையில் வைத்த வெல்டிங் புள்ளிகள் வட்டமாக, ஒரே இடைவெளியில், சிறு குழிகளாகத் தெரியும். அந்த வரிசை திடீரென்று மறைந்து, கரடுமுரடான கோடாக வெல்டிங் ஓடினால், அந்தத் தூணையே வெட்டி ஒட்டியிருக்கிறார்கள் என்பது ஏறத்தாழ உறுதி. அத்தகைய வண்டியை எந்த விலைக்கும் வாங்க வேண்டாம் என்பதே என் ஆலோசனை.

கண்ணாடிகளும் பேசும். கார்க் கண்ணாடி ஒவ்வொன்றின் மூலையிலும் தயாரிப்பாளர் குறியோடு ஆண்டைக் காட்டும் குறியும் பெரும்பாலும் இருக்கும். ஒரு கதவின் கண்ணாடி மட்டும் பிந்தைய ஆண்டாக இருந்தால் அந்தப் பக்கத்தைக் கூடுதல் கவனத்தோடு பாருங்கள். பெயின்டின் தடிமனை அளக்கும் சிறு கருவி கிடைத்தால் மிகவும் நல்லது. தொழிற்சாலைப் பூச்சு பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவில் இருக்கும். மேலே ஒரு பூச்சு ஏறினால் அது ஏறத்தாழ இரட்டிப்பாகும். பட்டி இருந்தால் பல நூறுகளைத் தாண்டும். சில கார்களில் பானெட் அலுமினியத்தால் ஆனது என்பதால், இரு உலோகங்களையும் அளக்கும் கருவியாக இருக்க வேண்டும். காந்தம் வைத்துப் பார்க்கும் பழைய முறை அலுமினியத்தில் பலிக்காது.

கேள்வி: வண்டியைப் பார்க்கப் போனபோது என்ஜின் ஏற்கெனவே சூடாக இருந்தது. "உங்களுக்காகத்தான் ஸ்டார்ட் செய்து வைத்தேன்" என்றார். இதில் தவறு ஏதும் உண்டா?

பதில்: நல்லெண்ணத்தோடும் செய்திருக்கலாம். ஆனாலும் குளிர்ந்த என்ஜினைப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள். மறுநாள் காலையில் வருவதாகவும், அதுவரை வண்டியை எடுக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். போனதும் பானெட்டின்மேல் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். ஸ்டார்ட் ஆகச் சிரமப்படுவது, முதல் சில விநாடிகளில் எழும் உலோகச் சத்தம், இரவு முழுவதும் நின்ற பின் சைலன்சரிலிருந்து வரும் நீலப் புகை ஆகியவை எல்லாம் என்ஜின் சூடேறியதும் மறைந்துவிடக்கூடியவை.

நீலப் புகை என்றால் என்ஜின் ஆயில் எரிகிறது. கரும்புகை என்றால் எரிபொருள் முழுமையாக எரியவில்லை. வெண்புகையில் மட்டும் நிதானம் தேவை: குளிர்ந்த காலையில் சிறிது நேரம் வந்து மறையும் நீராவி இயல்பானது, என்ஜின் சூடேறிய பிறகும் அடர்த்தியாக, இனிப்பு வாடையோடு தொடர்ந்தால், என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் உள்ளே கசிந்து எரிகிறது என்று பொருள். ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே ஆயில் மூடியைக் கழற்றி அதன் அடிப்பக்கத்தையும், கூலன்ட் பாத்திரத்தையும் பார்த்துவிடுங்கள். மூடியில் பால் கலந்தாற்போன்ற வெளிர் பசை திரண்டிருந்தாலும், கூலன்ட்டின்மேல் எண்ணெய்ப் படலம் மிதந்தாலும் என்ஜினின் மேல்பகுதிக்கும் கீழ்ப்பகுதிக்கும் இடையே கசிவைத் தடுக்கும் தகடான ஹெட் காஸ்கெட் போயிருக்கலாம். அது பெருஞ்செலவு வைக்கும் வேலை. குளிர்நாட்களில் குறுந்தூரம் மட்டுமே ஓடும் வண்டிகளின் மூடியில் சிறிதளவு பசை படிவதுண்டு. அதை வைத்து மட்டும் முடிவு கட்ட வேண்டாம். சூடான ரேடியேட்டர் மூடியை எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். அழுத்தத்தோடு பீறிடும் கொதிநீர் முகத்தை வேகவைத்துவிடும்.

ஓட்டிப் பார்க்கும்போது விற்பவர் பாட்டைப் போட்டால் நிறுத்தச் சொல்லுங்கள். காதுக்கு அங்கே வேலை இருக்கிறது. உயர் கியரில் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கையில் ஆக்சிலரேட்டரை அழுத்துங்கள். என்ஜின் சுழற்சி மட்டும் எகிறி வேகம் கூடாவிட்டால் கிளட்ச் தேய்ந்திருக்கிறது. ஆட்டோமேட்டிக் வண்டியில், பிரேக்கை மிதித்தபடி கியரை மாற்றும்போது நீண்ட தாமதமோ 'தொம்' என்ற உதையோ இருக்கக் கூடாது. வெட்டவெளியில் ஸ்டீயரிங்கை முழுவதுமாக ஒடித்து வட்டமடித்தால் முன்சக்கரத்திலிருந்து 'டக் டக்' என்று கேட்பது அச்சு மூட்டின் தேய்மானம். பிரேக் பிடிக்கையில் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா என்று பாருங்கள். ஓட்டி முடித்ததும் சில நிமிடங்கள் என்ஜினை அணைக்காமல் நிறுத்தி, வெப்பமுள் ஏறுகிறதா, விசிறி தானாகச் சுழல்கிறதா, அடியில் எதுவும் சொட்டுகிறதா என்று கவனியுங்கள். ஏசியிலிருந்து சொட்டும் தெளிந்த நீரைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை.

வால்வுகளையும் பிஸ்டனையும் ஒத்திசைவாக இயக்கும் டைமிங் பெல்ட் உள்ள என்ஜினாக இருந்தால், அதை மாற்றியதற்கு ரசீது கேளுங்கள். ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கொண்டு அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். ஓடும்போது அது அறுந்தால், பல என்ஜின்களில் பிஸ்டன் வால்வை மோதி என்ஜினே பாழாகும்.

கேள்வி: டேஷ்போர்டில் ஒரு எச்சரிக்கை விளக்கு எரிந்தது. "வெறும் சென்சார்தான்" என்று சொன்னவர், மறுமுறை போனபோது சரிசெய்துவிட்டதாகக் காட்டினார். நம்பலாமா?

பதில்: வெறும் சென்சார்தான் என்றால், விற்பதற்கு முன்பே மாற்றிவிட்டு அந்த ரசீதைக் காட்டியிருப்பார். சரிசெய்ததற்கு ரசீது இல்லையென்றால், வண்டியின் கணினியில் பதிவான பழுதுக் குறியீட்டை மட்டும் அழித்து விளக்கை அணைத்திருக்க வாய்ப்பு அதிகம்.

அதைக் கண்டுபிடிக்க வழியுண்டு. அமெரிக்காவில் 1996 முதலும், ஐரோப்பிய ஒன்றியத்தில் பெட்ரோல் கார்களுக்கு 2001 முதலும் கட்டாயமாக்கப்பட்ட, ஸ்கேனரைப் பொருத்துவதற்கான பரிசோதனை இணைப்பு இன்றைய கார்களில் பொதுவாக ஸ்டீயரிங்கின் கீழ்ப்பகுதியில் இருக்கிறது. குறியீடுகளை அழித்தால் வண்டியின் சுயபரிசோதனைகளும் 'முடியவில்லை' என்ற நிலைக்குத் திரும்பிவிடும். அவை மறுபடி நிறைவேறப் பலவிதமான வேகங்களில் சில நாட்கள் ஓட வேண்டும். ஸ்கேனரில் பழுது ஒன்றுமில்லை என்று வந்து, பரிசோதனைகளும் முடியாதவையாக இருந்தால், அண்மையில் யாரோ அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரி கழற்றப்பட்டிருக்கிறது.

ஸ்கேனர் இல்லாமலும் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. என்ஜினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பினால், ஏர்பேக், ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கையில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு), என்ஜின் விளக்குகள் எரிய வேண்டும். பிறகு, சில உடனேயும் சில என்ஜின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். ஏர்பேக் விளக்கு எரியவே இல்லையென்றால் அது மிகக் கெட்ட அறிகுறி. வெடித்த ஏர்பேக்கை மாற்றாமல் மூடியை மட்டும் ஒட்டிவிட்டு விளக்கைத் துண்டித்தவர்கள் இருக்கிறார்கள். உங்கள் குடும்பத்தின் உயிர் சம்பந்தப்பட்ட இடம் இது. சந்தேகம் இருந்தால் விலகிவிடுங்கள்.

கேள்வி: வெள்ளத்தில் மூழ்கிய காரை அடையாளம் காண எளிய வழி உண்டா?

பதில்: சீட் பெல்ட்டை அதன் முழு நீளத்துக்கும் வெளியே இழுங்கள். வண்டியைக் கழுவிப் புதுப்பிப்பவர்கள் இருக்கை உறையை மாற்றுவார்கள், தரைவிரிப்பை மாற்றுவார்கள், சுருளுக்குள் இருக்கும் பெல்ட்டை மறந்துவிடுவார்கள். அதன் கடைசி முழத்தில் சேற்றுக்கறையோ நீர் நின்ற கோடோ தெரியலாம். இருக்கைக்கு அடியிலுள்ள தண்டவாளங்களின் துரு, ஸ்டெப்னி வைக்கும் குழியில் வண்டல், முன் விளக்குக்குள் நீர்க்கோடு ஆகியவையும் சாட்சிகளே. வாசனைப் பொருளின் நெடி மூக்கைத் துளைத்தால், கண்ணாடிகளை மூடி ஏசியைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு, அந்த நெடிக்கு அடியில் பூஞ்சை வாடை வருகிறதா என்று முகர்ந்து பாருங்கள். மூழ்கிய காரின் மின்கம்பி இணைப்புகள் மாதங்கள் கழித்தும் அரித்துக்கொண்டே இருக்கும் என்பதால், இன்று நன்றாக ஓடுகிறது என்பது ஆறுதல் ஆகாது.

கேள்வி: பதிவுச் சான்றில் வேறொருவர் பெயர் இருக்கிறது. "என் அண்ணன் வண்டி, அவர் வெளிநாட்டில் இருக்கிறார்" என்கிறார் விற்பவர். வாங்கலாமா?

பதில்: அண்ணனோடு நேரில் பேசி, அவர் கையொப்பமிட்ட அதிகாரப் பத்திரத்தைச் சரிபார்க்கும்வரை வாங்கக் கூடாது. பலரிடம் கார் வாங்கி, சொந்த வண்டி போலக் காட்டி விற்பவர்கள் இந்தக் கதையைத்தான் அதிகம் சொல்கிறார்கள். இத்தகையவரைத் தொலைபேசியிலேயே கண்டுகொள்ள வழியுண்டு. எந்தக் கார் என்று சொல்லாமல், "கார் விற்பனைக்கு இருப்பதாகப் பார்த்தேன்" என்று மட்டும் சொல்லுங்கள். ஒரே ஒரு காரை விற்பவர் அதைப் பற்றிப் பேசத் தொடங்குவார். "எந்தக் கார்?" என்று திருப்பிக் கேட்பவரிடம் ஒன்றுக்கு மேல் இருக்கிறது. அதற்காக அவரை ஏமாற்றுக்காரர் என்று சொல்லிவிட முடியாது; ஆனால் உரிமையாளர் என்று அவர் சொல்லிக்கொண்டால் அது பொய்.

வண்டியின் அடையாள எண்ணையும் பாருங்கள். 1980-களின் தொடக்கத்துக்குப் பின் வந்த பெரும்பாலான கார்களில் அது 17 எழுத்துகளும் இலக்கங்களும் கொண்டது. 1, 0 ஆகிய இலக்கங்களோடு குழம்பக் கூடாது என்பதற்காக ஐ, ஓ, க்யூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை அதில் பயன்படுத்துவதில்லை. முன்கண்ணாடியின் அடியில், கதவுத் தூணில், உடற்சட்டத்தில் என அது இருக்கும் இடங்களில் எல்லாம் ஒன்றாகவும், பதிவுச் சான்றில் உள்ளதோடு பொருந்தியும் இருக்க வேண்டும். தகட்டைச் சுற்றிச் சுரண்டலோ புதிய ரிவெட்டோ தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். வண்டியின்மேல் கடன் பாக்கி உள்ளதா என்பதும் முக்கியம். கடன் கொடுத்த நிறுவனத்தின் உரிமை பல நாடுகளில் வண்டியோடே தொடரும். பாக்கி இருந்தால் அந்தத் தொகையை நேரடியாக நிறுவனத்துக்கே செலுத்தி, விடுவிப்புக் கடிதம் பெற்ற பிறகு மீதியை விற்பவரிடம் கொடுங்கள்.

கேள்வி: அலுவலகத்தில் உடன் வேலை செய்பவரின் காரை வாங்க நினைக்கிறேன். நல்ல மனிதர். மெக்கானிக்கை அழைத்துப் போனால் அவரை நம்பவில்லை என்று ஆகிவிடுமே?

பதில்: இந்த முகதாட்சண்யத்தால் வீணான பணமும் முறிந்த நட்பும் ஏராளம். உங்கள் நண்பர் நேர்மையானவராகவே இருக்கலாம். ஆனால் அவருக்கே தெரியாத பழுது வண்டியில் இருக்கலாம் அல்லவா? வாங்கிய இரண்டாம் வாரம் கியர்பெட்டி போனால், அவர் மறைத்துவிட்டார் என்ற எண்ணம் உங்களுக்கு வரும். தினமும் முகத்தைப் பார்க்க வேண்டிய இடத்தில் இருவருக்கும் அது வேதனை. "எந்தக் காராக இருந்தாலும் மெக்கானிக்கிடம் காட்டித்தான் வாங்குவேன்" என்று முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். மெக்கானிக் உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கட்டும். நண்பரின் வண்டியை வழக்கமாகப் பார்ப்பவர் வேண்டாம். லிஃப்டில் ஏற்றி அடிப்பக்கத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். அறிமுகமற்றவர் ஒருவர் இந்தச் சோதனைக்கு மறுத்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். காரணத்தைத் தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

கேள்வி: "இன்னும் இரண்டு பேர் பார்க்க வருகிறார்கள், இன்றே அட்வான்ஸ் அனுப்பினால் உங்களுக்குத்தான்" என்கிறார் ஒருவர். விலையும் மற்ற இடங்களைவிட மிகக் குறைவு. நான் இன்னும் வண்டியைப் பார்க்கவில்லை.

பதில்: அனுப்பாதீர்கள். சந்தை விலையைவிட மிகக் குறைந்த விலை, அவசரம், பார்க்கும் முன்பே பணம் ஆகிய மூன்றும் சேர்ந்து வந்தால், அந்த வண்டி இருக்கிறதா என்பதே சந்தேகம். வண்டியைப் பதிவுச் சான்றில் உள்ள முகவரியிலேயே, விற்பவரின் வீட்டு வாசலிலேயே பார்க்கக் கேளுங்கள். பொது வாகன நிறுத்தத்தில் சந்திப்போம் என்று அவர் வற்புறுத்தினால் சம்மதிக்க வேண்டாம்.

எல்லாம் திருப்தியாக இருந்து, அதன்பின் அட்வான்ஸ் கொடுப்பதானால் வங்கி வழியாகச் சிறு தொகையாகக் கொடுத்து, சோதனையில் பெரிய பழுது தெரிந்தால் பணம் திரும்ப வரும் என்று எழுதி வாங்குங்கள். முழுத் தொகையைக் கொடுக்கும் நாளில், இருவர் பெயர், முகவரி, வண்டியின் அடையாள எண், அன்றைய மீட்டர் அளவு, தொகை, தேதி ஆகியவற்றோடு ஒப்படைத்த நேரத்தையும் குறித்து இருவரும் கையெழுத்திட்டு, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். மாற்றுச் சாவியையும் அப்போதே கேட்டு வாங்குங்கள். பெயர் மாற்றத்துக்கான படிவங்களில் விற்பவரின் கையொப்பம் விழுந்து, காப்பீடு உங்கள் பெயரில் தொடங்கிய பிறகே வண்டியைச் சாலையில் எடுங்கள்.